அளவுச் சட்டை வேண்டாம், பிள்ளையை அழைத்து வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூணோரம் மெஷின் போட்டுத் தைத்த காலம் தொட்டு, கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் சேர்த்து, 34 ஆண்டுகளாகத் தையல் வேலை பார்க்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடுப்பைத் தைத்துக் கொடுத்த கையோடு, ஜூன் பள்ளித் திறப்புக்கான சீருடைத் துணி வரத் தொடங்கும். வரத் தொடங்க வேண்டும் என்பதே சரி. மே கடைசி வாரத்தில்தான் ஊரே திரண்டு வருகிறது.

வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையை அழைத்து வருவதில்லை. போன வருடச் சட்டையை மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, "இதைவிட இரண்டு விரல் கூட்டித் தையுங்கள் அண்ணே, வளர்கிற பிள்ளை" என்கிறார்கள். பிள்ளையோ உசிலம்பட்டியில் பாட்டி வீட்டில் இருக்கிறான். அவன் வளர்ந்தது இரண்டு விரலா நான்கு விரலா என்று அந்தச் சட்டை எனக்குச் சொல்லுமா?

வருடம் முழுக்க வர வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்குக் கால்சட்டையின் கீழ் மடிப்பிலும் பாவாடைக் கரையிலும் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தீபாவளி கழித்துப் பிரித்துவிடலாம். இடுப்பில் வளர்ச்சி வைத்தால், பிள்ளை ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே பாடம் கேட்பான். அரசு தரும் 4 ஜோடிச் சீருடையையும் கையில் கிடைத்த அன்றே போட்டுப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் பிடித்துக் கொடுப்பது சிறிய வேலை.

நான் எழுத வந்தது இன்னொரு விஷயம். சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பையனுக்கு, பெரியவர்கள் போடுவதுபோலக் கொக்கியும் பட்டனும் வைத்துக் கால்சட்டை தைத்தேன். அவனுடைய அம்மா ஆசைப்பட்டுக் கேட்டார். மறுக்காதது என் தவறு. பட்டன் மாட்டும் காஜா புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் கழிவறையில் அவிழ்க்க முடியாமல் நனைத்துக்கொண்டான். மறுநாள் முதல் பள்ளி என்றாலே அழுகை. வாத்தியார் மிரட்டினாரோ என்றுகூட வீட்டில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் பாட்டியிடம்தான் காரணத்தைச் சொன்னானாம். இடுப்பைப் பிரித்து எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தேன். கூலி வாங்க மனம் வரவில்லை.

அதிலிருந்து சின்னப் பிள்ளைகளை என் முன்னால் நிறுத்தி, "நீயே கழற்று, நீயே மாட்டு" என்கிறேன். அம்மாவின் கை தானாக நீளும், பொறுங்கள் என்பேன். முதல் தடவை திணறுகிற பிள்ளை நான்காம் தடவை சிரித்துக்கொண்டே மாட்டிவிடுகிறது. வீட்டிலும் பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே இதைப் பழக்கலாம். டிபன் பாக்ஸ் மூடியும் தண்ணீர் பாட்டிலும் இதே கதைதான். புதுப் பை, புது ஷூ என்று விளக்குத்தூண் பக்கம் ஒரு நாள் முழுக்க அலைகிறவர்கள் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குவதில்லை.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு ஒரு தனியார் பள்ளி மே கடைசியில் சட்டைத் துணியின் கட்டம் போட்ட டிசைனை மாற்றியது. வெட்டி வைத்திருந்த 60 சட்டை வீணானது என் நஷ்டம், போகட்டும். அதனால் வேறு பள்ளிப் பிள்ளைகளும் சிரமப்பட்டார்கள். புது பஸ் பாஸ் வரும்வரை அரசுப் பேருந்தில் பழைய பாஸையோ சீருடையையோ பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். செக்கானூரணியிலிருந்து அரசுப் பள்ளிக்குப் புதிதாக வருகிற பிள்ளையிடம் பழைய பாஸ் ஏது? தனியார் பள்ளிக்காக நாங்கள் இரவு பகலாக மறுபடி வெட்டித் தைத்ததில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் சீருடையும் தள்ளிப்போனது. மாற்றுவதாக இருந்தால் முழுஆண்டுத் தேர்வு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இரவு ஒன்பது மணிவரை கடையில் இருப்பேன். மே கடைசி ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று பிள்ளையை நிறுத்தி அளவெடுக்கக்கூட இடம் இருக்காது.

இப்படிக்கு,
சீருடைத் தையல்காரர் ஒருவர்,
குன்னத்தூர் சத்திரம், மதுரை.