பரண் மேல் இருக்கும் நோட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். வீட்டை விற்பது பற்றி நீ போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்கலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பரண் மேல் இருக்கும் என் அகழாய்வு நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது.

பழைய ஊர் புதைந்து கிடக்கிற ஒரு மேட்டைத் தோண்டினால் அந்த மேடு அதோடு போயிற்று. மூவாயிரம் வருஷத்து வீட்டை இரண்டாவது தடவை தோண்ட முடியாது. தோண்டியவன் அளந்து, வரைந்து, எழுதி வைத்ததுதான் மிச்சம்.

இதை நான் கற்றுக்கொண்டது இனாம்காவ் என்ற ஊரில். புனேவுக்குக் கிழக்கே, கோட் ஆற்றங்கரை. டெக்கான் கல்லூரி 1968 முதல் 1983 வரை பன்னிரண்டு பருவங்கள் அங்கே அகழாய்வு செய்தது. கடைசிப் பருவங்களில் நான் அங்கே மாணவன். கி.மு. 1600-லிருந்து 700 வரை ஜனங்கள் இருந்த ஊர். அரண்மனை இல்லை, எழுத்து இல்லை. பார்லி விதைத்து, மாடு வளர்த்துப் பிழைத்தவர்கள். 130 வீடுகளுக்கு மேல் வெளியே வந்தன. முதலில் நீள்சதுர வீடுகள். கி.மு. 1000-க்குப் பிறகு சின்னச் சின்ன வட்டக் குடிசைகள். மழை குறைந்து வெள்ளாமை தளர்ந்தது, மேய்ச்சலும் வேட்டையும் கூடியது என்று அந்த அகழாய்வை நடத்தியவர்களில் ஒருவரான தவலீகர் விளக்கினார். ஓர் ஊர் நொடித்துப்போனது வீட்டுத் தரையில் தெரியும் என்று அங்கேதான் பார்த்தேன்.

இறந்த குழந்தைகளை இரண்டு தாழிகளில் வைத்து, தாழிகளை வாயோடு வாய் சேர்த்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருந்தார்கள். மாணவனாக அதை அளந்து வரைந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். நீ பிறந்த பிறகு அந்த வரைபடங்களைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

அப்புறம் முப்பது வருஷம் நம் பக்கத்து மலையடிவாரங்களில் மாணவர்களோடு அலைந்தது உனக்குத் தெரியும். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் தோண்டியபோது, புதிய கற்காலத்து ஜனங்கள் குழி வெட்டி அதில் குடியிருந்த தடமும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. அந்தக் கொள்ளைத்தான் அம்மா இன்றைக்கும் கடைகிறாள். மலைக் கிராமங்களில் அந்தக் காலத்துக் கற்கோடரிகளைக் கோயிலில் சாமியோடு வைத்துக் கும்பிடுவார்கள். செருப்பைக் கழற்று, கேட்காமல் தொடாதே என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

புதிதாக வருகிற பிள்ளைகள் கையில் முதல் வாரம் மண் சுரண்டும் கரணையே கொடுக்க மாட்டேன். சாயங்காலம் குழியில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காரச் சொல்வேன். ஈரம் பட்டதும் மண் நிறம் பிரியும். நடுவில் கருப்பாக, கை அகலத்துக்கு ஒரு வட்டம் தெரிந்தால் அங்கே ஒரு காலத்தில் கம்பம் நட்டிருக்கிறார்கள். மரம் மக்கிப்போய், அந்த இடத்தில் வேறு மண் நிரம்பியிருக்கும். ஏழு வயதில் மே மாத லீவுக்கு வந்தபோது, அப்படி ஒரு கம்பக் குழியைச் சுத்தம் செய்ததும் நீ முழங்கை வரை கையை விட்டு, "உள்ளே சில்லுன்னு இருக்குப்பா" என்றாய். அன்றைய குறிப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷம் அகழாய்வு அனுமதி முடிய இரண்டு நாள்தான் இருந்தது. உச்சி வெயிலில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, இன்னும் பத்து சென்டிமீட்டர் இறக்குங்கள் என்று நானே சொன்னேன். ஒரு பெண், "சார், கரணை சத்தம் மாறுது" என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலைச் சாய்வெயிலில் குழியின் பக்கச் சுவரைப் பார்த்தேன். விரல் கனத்துக்கு, சாம்பல் நிறத்தில், கெட்டித்த ஒரு கோடு. வீட்டுத் தரை. நான்கு பக்கமும் ஓடியது. நடுவில் அடுப்பு எங்கே இருந்தது, குதிர் எங்கே இருந்தது, ஒன்றும் தெரியாது. அத்தனையும் கூடை கூடையாகக் கொட்டு மண்ணில் போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டிடம் எப்படிக் கேட்பது?

அந்தக் கோட்டின் ஆழமும் நீளமும் பதினான்காம் நோட்டில் இருக்கின்றன. அந்த வீடு இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது. அறிக்கையில் அதற்கு இரண்டு வரிதான் கொடுத்தேன். அது போதாது.

இப்போது கண் மங்கிவிட்டது. பென்சிலில் எழுதிய எண்கள் எனக்கே தெரியவில்லை. டிசம்பரில் வரும்போது இரண்டு வாரம் கூடுதலாக லீவு போட்டுக்கொண்டு வா. நீ எண்களைப் படித்துச் சொல், எந்தக் குழி, எந்த மண் என்று நான் சொல்கிறேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். அதுவரை பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கறையானுக்கு வேப்பிலை போட்டாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா