சுற்றொலியில் கலந்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றொலி இசையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, கேட்பவரைச் சுற்றி எத்தனை ஸ்பீக்கர்களை எங்கெங்கே வைக்கலாம் என்பதை நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் ஒரு பாடல் அந்த ஸ்பீக்கர்களுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பாடலின் குரலையும் கருவிகளையும் சரியான அளவில் சேர்த்து இணைக்கும் ஒலிக்கலவை வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில், இசை கேட்பவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அதைத்தான் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

இடது, வலது என இரண்டு ஸ்பீக்கர்களில் ஒலிக்கும் ஸ்டீரியோவுக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலம் தொட்டு அதன் அடிப்படை மாறவில்லை. பாடகர் நட்டநடுவில் நின்று பாடுவதுபோலத் தோன்றுவது, ஒரே குரல் இடது வலது ஸ்பீக்கர்கள் இரண்டிலும் சம அளவில் ஒலிப்பதால் காதுக்கு ஏற்படும் மயக்கமே. அந்த இடத்தில் உண்மையில் எதுவும் இல்லை. 2012-இல் திரையரங்குகளுக்கு வந்து, 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் ஏற்றுக்கொண்ட பிறகு இசையிலும் பரவிய டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி நுட்பம் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒலியை ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கரோடு கட்டிவைக்காமல், அது கேட்பவருக்கு எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தே பதிவுசெய்கிறார்கள். காது மட்டத்தில் ஏழு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, மேற்கூரையில் நான்கு என்று பன்னிரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தாலும், ஒரே ஒரு ஹெட்போன் இருந்தாலும், அங்குள்ள கருவியே அந்தக் குறிப்பைப் படித்து ஒலியைப் பங்கிட்டுக்கொள்கிறது.

கலவை மேசையில் இதனால் என்ன மாறுகிறது என்பதை நான் கண்ட ஒரு பாடலை வைத்துச் சொல்கிறேன். அதில் பெண்குரலுடன் இரண்டு கிட்டார்கள் இடைவிடாமல் ஒலித்தன. ஒரே அதிர்வெண் மண்டலத்தில் ஒலிப்பவை ஒரே திசையிலிருந்து வந்தால் பலமானது மெல்லியதை விழுங்கிவிடும் என்பதால், ஸ்டீரியோவில் குரலின் சொற்கள் தெளிவாகக் கேட்பதற்காக இரண்டு கிட்டார்களிலும், குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ கொண்டு நிறையச் செதுக்கியிருந்தேன். கடைசியில் கம்பியைத் தீண்டும் ஓசை மட்டும் மிஞ்சியது, மரத்தின் கனம் போய்விட்டது. அட்மாஸில் அவற்றைக் கேட்பவரின் தோள்களுக்குச் சற்றுப் பின்னே நகர்த்தியதும், செதுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க முடிந்தது. குரல் துளியும் மங்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கிட்டார்களை, வாசித்தவர் கேட்டிருக்கக்கூடிய விதத்தில் நானும் கேட்டேன்.

இழப்பும் உண்டு. ஸ்டீரியோவில் எல்லா ஒலிகளும் பெரும்பாலும் கடைசியாக, உரத்த ஒலியை அடக்கும் ஒரே கம்ப்ரஸர் வழியாகச் செல்வதால், டிரம் அடி விழும்போது மற்றவை நூலளவு ஒதுங்கி மீள்கின்றன. கேட்பவர் பெயர் சொல்லத் தெரியாமல் ரசிக்கும் அந்த இழுவிசை, தனித்தனியே பிரிந்து நிற்கும் ஒலிகளில் தானாக வருவதில்லை. அதை வேறு வழிகளில் பொறுமையாகக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், அட்மாஸ் இசைக்கு மைனஸ் 18 எல்.கே.எஃப்.எஸ் (ஒலியின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) என்ற சத்த வரம்பு இருப்பதால், ஒலியின் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டரில் நசுக்கி முடிந்தவரை உரக்க ஒலிக்கவைக்கும் பழைய போட்டிக்கு இங்கே இடமில்லை. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

பெரும்பாலோர் இந்த இசையை ஹெட்போனில்தான் கேட்கிறார்கள். ஒலி ஒரு காதை எட்டி மறு காதை எட்டுவதற்கு இடையிலான, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தையும், செவிமடல் அதில் செய்யும் மாற்றங்களையும் கணக்கிட்டு மென்பொருள் திசையை உருவாக்குகிறது. ஆனால் செவிமடல் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மென்பொருளோ பெரும்பாலும் பொதுவான ஒரு தலையின் அளவை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதே பாடலில் நான் மேற்கூரையில் வைத்த துணைக்குரல்கள், என் ஹெட்போனில் தலைக்கு மேலே எழாமல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல மங்கி ஒலித்தன. அவற்றைக் கீழே இறக்கிய பிறகே நிம்மதி வந்தது.

இத்தனை கவனம் தேவைப்படும் வேலையைச் சிலர் ஒரே நாளில் முடிக்கச் சொல்கிறார்கள் என்பதே என் ஆதங்கம். முன்பே வெளியாகிவிட்ட ஒரு பாடலை அட்மாஸுக்கு மாற்ற என்னிடம் தந்தபோது, மூலப் பதிவில் ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் உரிய தனித்தனி ட்ராக்குகள் கிடைக்கவில்லை. பல ட்ராக்குகளைச் சேர்த்துத் தொகுத்துவைத்த ஆறு ஸ்டெம்கள் மட்டுமே வந்தன. குரலோடு, அறையின் எதிரொலிபோல ஒலிக்கும் ரிவெர்ப் ஏற்கெனவே ஒட்டிக்கிடந்தது. குரலை முன்னே நிறுத்தினால் அறையும் கூடவே முன்னே வந்தது. பாடலை உருவாக்கியவர்கள் யாரும் என் பிரதியைக் கேட்டுச் சரி சொல்லவில்லை, ஆனாலும் அது வெளியானது. நன்கு உழைத்துச் செய்த கலவைக்கும் இப்படி அவசரத்தில் செய்ததற்கும் கேட்பவரின் திரையில் தெரிவது டால்பி அட்மாஸ் என்ற ஒரே முத்திரைதான்.

சில செயலிகளில் பொருத்தமான ஹெட்போனை இணைத்ததுமே அட்மாஸ் வடிவம் தானாக ஓடத் தொடங்குகிறது. கேட்பவர், தாம் பல காலம் நேசித்த பாடலே திடீரென வலுவிழந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். 1970-களில் நான்கு ஸ்பீக்கர் இசை, ஒன்றோடொன்று பொருந்தாத வடிவங்களால் மக்களைக் குழப்பி மறைந்துபோனது. இப்போதைய நுட்பத்துக்கு அந்தக் குறை இல்லாதபோது, கேட்பவரின் நம்பிக்கையை இழந்து இது கெடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, சுற்றொலிக் கலவையைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் செய்தார், தனித்தனி ட்ராக்குகளிலிருந்தா ஸ்டெம்களிலிருந்தா என்ற விவரங்களை ஒவ்வொரு பாடலுக்கும் வெளியிட வேண்டும். ஸ்டீரியோ வடிவமும் பக்கத்திலேயே, ஒரு தட்டலில் கிடைக்க வேண்டும். தங்கள் இசை விமர்சகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு புதிய தொகுப்பைப் பற்றி எழுதும்போது, எந்த வடிவத்தை, ஸ்பீக்கரிலா ஹெட்போனிலா எதில் கேட்டு எழுதினார்கள் என்பதை முதல் பத்தியிலேயே தெரிவித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பொறியாளர் ஒருவர்