கைதிக்கு 60 நாள், அரசுக்கு 90 நாள்: தாமத மன்னிப்பு மனுக்கள் குறித்து ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்புமிகு நீதிபதிகளுக்கு, மதுரைக் கிளையில் அமர்பவர்களுக்கும் சேர்த்து, வணக்கம்.

குற்றவியல் மேல்முறையீடு காலம் கடந்து வரும்போது கூடவே வரும் தாமத மன்னிப்பு மனுவைப் பற்றித்தான் இந்த மடல். "தாமதம் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ ஏற்பட்டதல்ல" என்ற வரியை எந்த டைப்பிஸ்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பார். அதற்குக் கீழே யார் கையெழுத்து என்பதுதான் விஷயம்.

விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்ய 1963-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டம் 90 நாள் தருகிறது. செஷன்ஸ் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் உங்களிடம் வர 60 நாள். தூக்குத் தண்டனை என்றால் வெறும் 30. (அது எப்படியும் உறுதி செய்வதற்காக உங்களிடம் வந்துவிடும் என்பது வேறு கதை.) சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை, சரி. ஆனால் கெடு தாண்டிய பிறகு எதைப் போதிய காரணமாக ஏற்பது என்பது உங்கள் கையில்தானே இருக்கிறது?

கைதியின் தாமதம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க ஹோஸ்கட் என்ற கைதியின் வழக்கு போதும். பம்பாய் உயர் நீதிமன்றம் 1973 நவம்பரில் அவருக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது நான்கு வருடத்துக்கும் மேல் கழித்து. தீர்ப்பின் இலவச நகல் அவர் இருந்த புனே எரவாடா சிறைக்கு உடனே போயிருந்தது. என் கைக்கு வரவில்லை என்றார் அவர். கொடுத்தோம், அப்புறம் கருணை மனுவோடு இணைக்கத் திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றார் சிறைக் கண்காணிப்பாளர். பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து கிடையாது. 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அவர் மனுவைத் தள்ளுபடி செய்தாலும், நகலைக் கைதியிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இன்றும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ரேகை வைப்பது கைதியின் தாய்தான். நகல் உள்ளே எந்தத் தேதியில் போனது என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அரசின் மனுவில் வேறு கதை: கோப்பு கருத்துரைக்குப் போனது, திரும்பியது, அரசாணைக்குக் காத்திருந்தது. 427 நாள் தாமதித்த அஞ்சல் துறையிடம், கோப்பு நகர்ந்த கதையெல்லாம் காரணமாகாது என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 663 நாள் தாமதித்த மத்தியப் பிரதேச அரசுக்கு 2020-இல் 25,000 ரூபாய் வழக்குச் செலவுத்தொகை விதித்து, பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது. இரண்டுமே குற்ற வழக்கு அல்ல. குற்ற வழக்கில் இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகம் வேண்டும் என்பது என் வாதம். விடுதலையானவர், கெடு முடிந்தது என்று நம்பிப் பாஸ்போர்ட் எடுத்து, கடன் வாங்கி வளைகுடாவுக்குப் போயிருப்பார். ஒன்றரை வருடம் கழித்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் அவர் என்ன செய்வார்?

குழந்தை மீதான பாலியல் குற்றம் போன்ற வழக்கில், குமாஸ்தா தூங்கியதற்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்க முடியாதுதான். அங்கே தாமதத்தை மன்னியுங்கள். ஆனால் கோப்பு எந்த அதிகாரியின் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று தேதிவாரியாக எழுதி வாங்கிவிட்டு மன்னியுங்கள். செலவுத்தொகை அரசுக் கஜானாவிலிருந்து போகாமல் அந்த அதிகாரியின் சம்பளத்திலிருந்து போகட்டும்.

சிறையிலிருந்து வரும் மேல்முறையீட்டில் முதல் கேள்வியைக் கைதியிடம் கேட்காதீர்கள். நகல் கொடுத்த தேதி, கைதியின் ஒப்புகை, சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் அவரைச் சந்தித்த தேதி ஆகிய மூன்றையும் சிறைக் கண்காணிப்பாளர் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்புகை இல்லையென்றால், பிரமாணப் பத்திரமே கேட்காமல் தாமதத்தை மன்னித்து, மேல்முறையீட்டுக்கு எண் கொடுத்து விசாரணைக்கு எடுக்கலாம். 2019-இல் வந்த குற்றவியல் நடைமுறை விதிகளில் இதற்கு ஒரு விதி சேர்த்தால் போதும். அந்த விதிகளை வகுப்பதும் திருத்துவதும் நீங்கள்தான்.

இப்படிக்கு,
குற்றவியல் மேல்முறையீடுகள் நடத்தும் ஒரு வழக்கறிஞர்