கத்தரிக்கோலை ஒளித்து வை

கானாடுகாத்தான்
ஐப்பசி, அடைமழை நாள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் போட்டோவும் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குப் பார்த்து வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு ஒழுக, அண்டா குண்டா எல்லாவற்றையும் தூக்கிப் பரப்ப வேண்டியதாகிவிட்டது. ஓடு மாற்றுகிறவரைக் கூப்பிட்டால், “மழை விடட்டும் ஆச்சி” என்கிறார். மழை விட்டால் ஒழுகின நினைப்பு யாருக்கு இருக்கும்? பங்காளிகள் ஏழு பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. எல்லாரும் “பார்த்துச் செய்யுங்கள்” என்றார்கள், ஒருத்தரும் ரூபாய் பற்றிப் பேசவில்லை. ஊருணி கரை தொட்டு நிற்கிறது. வளவில் நாலு பக்கமும் தண்ணீர் கொட்டுகிறது, நான் பட்டியக்கல்லில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். “நீ கொடுத்துவிட்டுப் போன ஹைட்ரேஞ்சியாச் செடி என்னை ஏமாற்றுகிறது. மூன்று வருஷமாக இலை இலையாகத் தள்ளுகிறது. இந்த ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு பூ, அதுவும் நீலமில்லை, ரோஸ்” என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒற்றைப் பூவைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் என் அசட்டுத்தனத்தைக் கேட்டுக்கொள்.

அமெரிக்காவில் செயின்ட் பாலில் மகன் வீட்டில் அதை நட்ட முதல் வருஷம் என் கை நம் ஊர்க் கை. மல்லிகைக்கு நாம் என்ன செய்வோம்? கார்த்திகை, மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிடுவோம். மாசி பங்குனியில் தளிர் வந்து, அந்தத் தளிரின் நுனியில் மொட்டு வைக்கும். கவாத்துப் பண்ணாத மல்லிகை கொடி ஓடுமே தவிரப் பூக்காது. அப்பத்தா என்னை அப்படித்தான் பழக்கியிருந்தார். அந்த ஞாபகத்தில் அக்டோபரில் இலை உதிர்ந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, ஹைட்ரேஞ்சியாவைச் சாண் உயரத்துக்கு வெட்டிச் சுத்தமாக்கி, குச்சிகளைக் கட்டிக் குப்பையில் போட்டேன். போட்டது குச்சியை இல்லை, அடுத்த ஜூன் மாதத்துப் பூவை. அது தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அந்தச் செடியின் கணக்கே வேறு. பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஜப்பானின் கடலோரத்துச் செடி, கடுங்குளிர் அறியாதது. அடுத்த கோடைக்கான மொட்டை இந்த ஆகஸ்ட் செப்டம்பரிலேயே குச்சி நுனியில் கட்டி, மூடி வைத்துவிடும். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி குளிர்காலம் பூராவும் அதைச் சுமக்க வேண்டும். நாம் வெட்டினாலும் போச்சு, குளிர் தின்றாலும் போச்சு. உங்கள் ஊரில் வேர் பிழைத்துவிடும், குச்சி சாகும். வசந்தத்தில் அடியிலிருந்து கொழுகொழுவென்று புதுக் கிளை வரும். ஆனால் பழைய ரகங்களில் அந்தக் கிளையில் அந்த வருஷம் பூ கிடையாது. ஈஸ்டருக்கு யாரோ கொடுத்த தொட்டியை மண்ணில் நட்டுவிட்டு வருஷக்கணக்கில் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் அங்கே எத்தனை!

உன்னிடம் இருப்பது எண்ட்லஸ் சம்மர் என்ற ரகம். அது வெளிச்சத்துக்கு வந்ததே உன் வீட்டுப் பக்கம்தான். 1998இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கேல் டர் என்பவர், செயின்ட் பாலுக்குப் பக்கத்திலுள்ள பெய்லி நர்சரியைச் சுற்றிப் பார்க்கையில், அந்த வருஷமே முளைத்த கிளையில் ஒரு செடி பூத்து நிற்பதைக் கண்டுபிடித்தார். 2004இல் விற்பனைக்கு வந்தது. பழைய குச்சியிலும் பூக்கும், புதுக் கிளையிலும் பூக்கும் என்பதுதான் அதன் சிறப்பு. பிறகு அதே மாதிரி எத்தனையோ ரகங்கள் வரிசை கட்டி வந்துவிட்டன.

இங்கேதான் நாம் தப்பாக எடுத்துக்கொள்கிறோம். புதுக் கிளையில் பூக்கும் என்றால் குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று ஆகிவிடாது. மே கடைசியில் தரையிலிருந்து முளைக்கிற கிளை வளர்ந்து, மொட்டுக் கட்டி, விரிய ஆகஸ்ட் ஆகிவிடும். நாலைந்து வாரத்தில் குளிர் வந்து கதவைத் தட்டும். ஆகவே பழைய குச்சியைக் காப்பாற்றினால் ஜூன் கடைசியில் ஒரு பந்தி, அது முடிகிறபோது புதுக் கிளையில் இரண்டாம் பந்தி. முதல் பந்தியைத் தொலைத்தால் இரண்டாவதில் மிச்சம் மீதிதான். உனக்கு வந்த ஒற்றைப் பூ அந்த மிச்சம். வேர் நன்றாக இருக்கிறது, ரகமும் பொய் சொல்லவில்லை.

இனி உன் மூன்று வருஷத்தையும் பார்ப்போம். முதல் வருஷத்தை விட்டுவிடு, இடம் பெயர்த்த செடி வேரூன்ற வேண்டாமா? இரண்டாம் வருஷம் மாப்பிள்ளை “நீட்டாக” வெட்டிவிட்டார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவரைத் திட்டாதே, நான் செய்ததைத்தான் அவரும் செய்தார். கூடவே புல்தரைக்குப் போட்ட உரம் செடியின் காலடிக்கும் போயிருக்கும். அது முழுக்கத் தழைச்சத்து. தழைச்சத்து ஏறினால் இலை வாழை இலை மாதிரி வரும், பூ வராது.

மூன்றாம் வருஷம்தான் பரிதாபம். கம்பி வலை கட்டினாய், சருகு போட்டாய், எல்லாம் சரி. ஏப்ரல் நடுவில் நாலு நாள் வெயில் அடித்ததும் மொத்தத்தையும் பிரித்துவிட்டாய். மொட்டு கண் திறந்தது, மே முதல் வாரத்துப் பனி ஒரே ராத்திரியில் கருக்கிவிட்டது. ஜனவரியில் இறுக மூடிக்கிடக்கும் மொட்டுக்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு. பாதி விரிந்த மொட்டுக்கு அது இல்லை. 2023இல் அமெரிக்க வேளாண் துறை போட்ட புதுக் குளிர் மண்டல வரைபடத்தில் நம் மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரங்களின் பெரும்பகுதி 4பி மண்டலத்திலிருந்து சற்றே குளிர் குறைந்த 5ஏ-வுக்கு மாறிவிட்டது, இனி போர்த்த வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்கிறாராமே. 5ஏ என்றாலும் குளிர்காலத்தின் கடுமையான ராத்திரி சராசரியாக மைனஸ் 29இலிருந்து மைனஸ் 26 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்றுதானே அர்த்தம்? அதுவும் ஜனவரிக் கணக்கு. மே மாதத்துப் பனியைப் பற்றி அந்த வரைபடம் வாயே திறக்காது.

இந்த வருஷம் நான் சொல்கிறபடி செய். அக்டோபர் கடைசியில், மண் உறைவதற்கு முன், வேர் நன்றாக நனையத் தண்ணீர் விடு. காய்ந்த மண்ணோடு குளிருக்குள் போகிற செடி சீக்கிரம் சாகும். நவம்பர் நடுவில் மூன்றடி உயரக் கம்பி வலையைச் சுற்றிக் கட்டி, உள்ளே சருகு போடு. ஓக் மரத்துச் சருகு கிடைத்தால் அதுதான் நல்லது. மேப்பிள் சருகு நனைந்ததும் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே புழுங்கும், ஓக் மொறமொறவென்று காற்றோட்டமாக நிற்கும். குச்சி நுனிக்கு மேலும் ஒரு சாண் சருகு இருக்க வேண்டும், மொட்டு இருப்பது அங்கேதான். அதன்மேல் பனி கொட்டினால் தள்ளிவிடாதே, நல்ல கம்பளி அது.

ஏப்ரலில் கை அரிக்கும். பொறு. மேல் சருகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடு, மே இரண்டாம் வாரம் வரை வலையைக் கழற்றாதே. ராத்திரி பனி என்று வானிலைக்காரர் சொன்னால் ஒரு துணியைப் போர்த்து. நான் என்ன போர்த்தினேன் தெரியுமா? கிழிந்த கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது, அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம். சாயங்காலம் அதைச் செடியைச் சுற்றிப் போட்டு, தலைப்பை முடிந்து விட்டுவிட்டேன். காலையில் நாயோடு நடந்து போன பக்கத்து வீட்டம்மா நின்று, யாரோ குந்தியிருக்கிறார்கள் என்று நினைத்து குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போனார்.

மே கடைசியில்தான் கத்தரிக்கோல். குச்சிகள் எல்லாம் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி பழுப்பாக, செத்ததாகவே தெரியும். நம்பாதே. நகத்தால் தோலை இலேசாகக் கீறிப் பார். உள்ளே வெள்ளரிப் பிஞ்சுத் தோல் மாதிரி ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளுத்த பழுப்பாக, உமி மாதிரி இருந்தால் இல்லை. நுனியிலிருந்து இறங்கிக்கொண்டே கீறு. எந்தக் கணுவில் ஜோடி மொட்டு பச்சைக் கிராம்பு மாதிரி பருத்திருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே வெட்டி நிறுத்து. ஒரு முழம் குச்சி பிழைத்தாலே போதும்.

மத்தியான வெயிலில் இலை துவண்டால் குடத்தோடு ஓடாதே, சாயங்காலம் தானே நிமிரும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம். காலை வெயில் போதும் அதற்கு. ஜூலைக்குப் பிறகு உரம் வேண்டாம், இளந்தண்டு குளிருக்கு முற்றாது. இன்னொன்று, பேத்தி இப்போது எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற வயசு. இலையும் மொட்டும் விஷம், கவனம்.

நிறத்துக்கு வருகிறேன். முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, நீலம் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டுமா? இரண்டும் மண்ணைச் சுண்ணாம்புப் பக்கம் இழுப்பவை. பூவுக்குள் இருக்கும் சாயம் ஒன்றேதான், அது அலுமினியத்தோடு சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். மண் புளிப்பாக, பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால்தான் அலுமினியம் கரைந்து வேருக்குப் போகும். காரமான மண்ணில் அலுமினியம் இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. நம் வீட்டு வாசல்நிலையில் கண்ணேறுக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே படிகாரம், கலங்கின தண்ணீரிலும் போட்டுத் தெளிய வைப்போமே, அதிலிருப்பதும் அதே அலுமினியம்தான். அங்கே கடையில் அலுமினியம் சல்பேட் என்று கிடைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே போகாதே, வேர் கருகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள பூ உரத்தையும் நிறுத்து, அது அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாற்றம் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். எனக்கென்னவோ ரோஸும் அழகாகத்தான் படுகிறது, ஆனால் நீ பள்ளிக்கூடத்திலிருந்தே நீலப் பைத்தியம்.

சிரிப்பாய், இருந்தாலும் சொல்கிறேன். போன வருஷம் கொடைக்கானல் போனபோது, வேலி ஓரத்தில் யாரும் சீந்தாமல் பந்து பந்தாக நீலம் பூத்துக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு தொட்டி வாங்கி வந்தேன். இரண்டாம் கட்டு நிழலில் வைத்து, மண்பானைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சித்திரை பிறந்தது, இலை ஓரம் அப்பளம் சுட்டாற்போல் ஆகிவிட்டது. பிழைத்த இரண்டு குச்சியிலும் பூ வரவில்லை. இந்தச் செடிக்குக் கொஞ்ச வாரமாவது சில்லென்று உறங்கினால்தான் மொட்டு விழிக்கும். பூக்கடைக்கு வளர்க்கிறவர்களே ஆறு வாரத்துக்குக் குறையாமல் குளிரறையில் வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். கானாடுகாத்தானில் ஆறு வாரக் குளிருக்கு நான் எங்கே போவேன்? உனக்கு அளவுக்கு மீறி இருக்கிறது, எனக்கு இல்லை. இப்போது அந்தத் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறேன், மயில் தின்னாமல் இருந்தால் சரி.

திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு. இழை எடுக்க அங்கே யார் வீட்டில் கூடுகிறீர்கள் என்று எழுது. நம் தெருவில் மூன்று வீடுதான் திறந்திருக்கிறது, எல்லாரும் என் வீட்டுக்கே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் ஓடு மாற்றினால் புண்ணியம். உனக்குக் கைமுறுக்கும் மனகோலமும் யார் கையிலாவது கொடுத்துவிடுகிறேன்.

மே கடைசியில் குச்சியைக் கீறிப் பார்த்துவிட்டு உடனே போட்டோ அனுப்பு. செடியைத் தூரத்திலிருந்து எடுக்காதே, கீறின இடம் தெரிய வேண்டும்.

உன் பழைய
பெஞ்சுக்காரி