குடில் போட்டியின் மதிப்பெண் தாளை முதலில் மாற்றுங்கள்

தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பங்குக் கோயில்களின் பேரவைகளுக்கும், ஆண்டுதோறும் வீட்டுக் குடில் (இயேசு பிறப்புக் காட்சி) போட்டியும் நட்சத்திரப் போட்டியும் நடத்தும் இளைஞர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லி டிசம்பரில் ஒரு ஞாயிறு அறிவிப்பு வாசிக்கிறோம். அடுத்த வாரமே குடில் பார்க்க நடுவர்கள் கிளம்புகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் தாளில் அளவு, மின் அலங்காரம், புதுமை என்றுதான் பிரிவுகள். அந்தத் தாளுக்கு ஏற்ற குடிலைத்தானே வீட்டுக்காரர் கட்டுவார்? நடுவர் நிற்கும் பத்து நிமிடத்துக்காகத் தெர்மாகோல் மலையும் ஜிகினாத் தூளும் வாங்குகிறார். குடிலைப் பிரிக்கும்போது தெர்மாகோல் மணிமணியாக உதிர்ந்து ஓடை வழியே கடலுக்குப் போகிறது. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பொருள். தடைசெய்த பொருளுக்குப் பரிசு கொடுப்பது பேரவைக்கு அழகல்ல.

மாற்று இல்லை என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதற்கு அளவும் பக்குவமும் தெரிய வேண்டும். அதை ஊருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் நட்சத்திரம். இரண்டடி நட்சத்திரத்துக்கு 60 செ.மீ. நீளத்தில் பத்து மூங்கில் சிம்பு வேண்டும். அகலம் 6 மி.மீ., கனம் 3 மி.மீ. போதும். கணு முனையில் வரக்கூடாது, கட்டும்போது பிளந்துவிடும். ஒவ்வொரு சிம்பிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து சிம்பை ஒன்றன் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று கோத்து, கோடும் கோடும் சந்திக்கும் இடத்தில் நூலால் கட்டினால் ஐந்து முனையும் தானாகச் சமமாக வரும். கண்மட்டத்தில் கட்டுகிறவர்களின் நட்சத்திரம் ஒரு கால் குட்டையாய் நொண்டுவது இந்தக் கோடு போடாததால்தான். இதேபோல் இன்னொன்று கட்டி, இரண்டையும் சேர்த்து முனைகளை மட்டும் இறுக்குங்கள். பிறகு உள்ளே ஐந்து சந்திகளிலும் 12 செ.மீ. குச்சியை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி வரும். முட்டு 8 செ.மீ.க்குக் குறைந்தால் பல்பு துணியை உரசும். 12 செ.மீ.க்கு மேல் கூடினால் முனைக்கட்டு அறுத்துக்கொள்ளும். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், ஒரு வார வெயிலில் இற்றுவிடும். பருத்தி நூலில் மெழுகு தேய்த்துக் கட்டுங்கள்.

போர்த்துவதற்குப் பழைய வெள்ளை வேட்டி. ஒரு வேட்டி இரண்டு நட்சத்திரத்துக்கு வரும். பட்டத்தாள் திண்ணைக்குள் தொங்குவதற்குச் சரி, வாசலில் முதல் தூறலுக்கே கிழியும். பசைக்கு 50 கிராம் மைதா, 300 மி.லி. தண்ணீர். பச்சைத்தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றிக் கண்ணாடி போல வரும்வரை கிண்டவேண்டும். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். துணியை லேசாக நனைத்துப் பிழிந்து ஒட்டினால் காயும்போது பறை மாதிரி விறைக்கும். பசையை அள்ளிப் பூசினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் திறந்து விடுங்கள், சூடு வெளியேற.

உள்ளே எல்.இ.டி. பல்பு மட்டும்தான். பழைய 60 வாட் குண்டு பல்பு துணியைக் கருக்கும், ஓலையைப் பற்றவைக்கும். கணக்கும் எளிது: இரவுக்கு ஆறு மணி நேரம், முப்பது நாள் எரிந்தால் அது 10.8 யூனிட், 5 வாட் எல்.இ.டி. 0.9 யூனிட்.

சீரியல் செட்டில்தான் ஆபத்து. மலிவான செட் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுகிறது. இணைப்பில் முறுக்கிய கம்பிக்கு மேல் ஒரு ஸ்லீவ், அவ்வளவுதான் காப்பு. நம் பக்கம் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. வாசலுக்கும் மாடிக்கும் 12 வோல்ட் அடாப்டர் செட் போடுங்கள். அடாப்டர் வீட்டுக்குள் இருக்கட்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாவிட்டால் வெளியே சீரியல் வேண்டவே வேண்டாம். ஒரு வரிசை அணைந்தால் செட்டையே தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் பல்பு கெட்டிருக்காது, உப்புக்காற்றில் அதன் கால் துருப்பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு அதே வோல்ட் பல்பு ஒன்றை மாற்றினால் எரியும். பல்பை வெட்டிவிட்டுக் கம்பியை நேராக முறுக்குவது குறுக்குவழி. நாலைந்து இடத்தில் அப்படிச் செய்தால் மிச்சப் பல்புகளுக்கு மின்சாரம் கூடி வரிசையே கருகும்.

ஓலைக்கு நாள் பார்க்க வேண்டும். தோரணத்துக்கும் பூவுக்கும் பனங்குருத்துதான். முற்றிய சாரோலை மடித்தால் ஒடியும், அதைக் குடிலின் கூரைக்கு வையுங்கள். இளம் பனையான வடலியில் எட்டிப் பறிக்கலாம்தான், ஆனால் ஒரு வடலிக்கு ஒரு குருத்துக்கு மேல் எடுத்தால் அது தேறாது. ஈர்க்கை நீக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் வெளுக்கும். நவம்பரில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? அரைகுறையாகக் காய்ந்த ஓலையில் ஒரு வாரத்தில் கரும்புள்ளியாய்ப் பூஞ்சணம் வரும். எனவே செப்டம்பரிலேயே காயவைத்துவிடுங்கள், அல்லது மணப்பாடு போல ஓலை முடையும் ஊர்ப் பெண்களிடம் காய்ந்த ஓலையாகவே வாங்குங்கள். பின்னுவதற்கு முன் கால் மணி நேரம் தண்ணீரில் போட்டு ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வளையும். பண்டிகை முடிந்ததும் செய்தித்தாளுக்கு நடுவே வசம்புத் துண்டோடு தட்டையாக வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

குடிலின் பச்சைக்கு நெல்லோ கேழ்வரகோ. நெல் என்றால் ஒரு சதுர அடிக்கு 75 கிராம், ஒரு நாள் ஊறவைத்து, ஒரு நாள் சாக்கில் முளைகட்டி, டிசம்பர் 12 வாக்கில் விதைத்தால் 24ஆம் தேதி பச்சைப்பசேலென்று நிற்கும். முளைப்பாரி போல இருட்டில் வைக்காதீர்கள், வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். நெருக்கி விதைத்தால் அடி அழுகும். பனிக்குப் பஞ்சு வேண்டாம், அது பற்றிக்கொள்ள ஒரு தீப்பொறி போதும். தூத்துக்குடிக் குடிலில் பனி எதற்கு என்பது தனிக் கேள்வி. 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் பிரான்சிஸ் அசிசி அமைத்த குடிலில் இருந்தது வைக்கோலும் மாடும் கழுதையும்தான்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை நல்லது. அடியை ஒரு அங்குலம் புதிதாக வெட்டி ஈரமணல் வாளியில் நட்டு, மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரும் ஊசி சருகு மாதிரி பற்றும், தினமும் கூட்ட வேண்டும். பரணில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரம் இருப்பவர்கள் அதையே உதிரும்வரை வைக்கட்டும். ‘இயற்கைக்கு மாறுகிறோம்’ என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது வெறும் வீண்.

இனி எங்கள் கோரிக்கை. நூறு மதிப்பெண்ணில் நாற்பது, செய்த பொருளுக்கு: ஓலை, மண், துணி, மூங்கில், போன ஆண்டுப் பொருள். முப்பது, கைவேலைக்கு. மீதி முப்பதை டிசம்பரில் போடாதீர்கள். ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று அரசர்கள் திருநாளுக்குப் பிறகு குடில் பிரிக்கும் நாளில் நடுவர் மறுபடி வந்து, எது பரணுக்குப் போகிறது, எது மாட்டுக்கும் எருக்குழிக்கும் போகிறது, எது குப்பை வண்டிக்குப் போகிறது என்று பார்த்துப் போடட்டும். பரிசளிப்பு ஜனவரிக்குத் தள்ளிப் போகும், போகட்டும். தெர்மாகோல், ஜிகினாத் தூள் இருந்தால் போட்டியில் இடமில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் இதை அறிவித்தால் பயனில்லை. அதற்குள் ஓலை காயவைக்கும் வெயில் போயிருக்கும், கடையில் சாமான் வாங்கியும் முடித்திருப்பார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பூசை அறிவிப்பில் வாசியுங்கள். மதிப்பெண் தாளைக் கோயில் வாசலில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓலையும் மூங்கிலும் கொண்டு குடில் கட்டுவோர்