டிஸ்க் பூலைப் பிரித்துக் கட்டிவிட்டேன்

அன்புள்ள கண்ணுவுக்கு,

வீட்டுச் சர்வர் செத்துப்போச்சு என்று அப்பா போனில் சொல்லி உன்னைப் பயமுறுத்தியிருப்பார். சாகவில்லை. ஆனால் நாலு டிஸ்க்கையும் ஒரே சேமிப்பிடமாக இசட்எஃப்எஸ் மென்பொருளில் கோத்து நீ விட்டுப்போன டிஸ்க் பூல் இப்போது இல்லை, கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறேன்.

போன வாரம் ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துப் பிழை தேடும் சோதனை) முடிந்ததும் ஸ்டேட்டஸ் பார்த்தேன். ஒரு ஃபைல் மட்டும் நிரந்தரமாகக் கெட்டுவிட்டதாகக் காட்டியது. தாத்தாவின் சதாபிஷேக வீடியோ. (பதறாதே, உன் மாமா போனில் அதன் பிரதி இருக்கிறது.) ரெய்டு-இசட்டில் ஒரு டிஸ்க் தப்பாகப் படித்தால் மற்ற டிஸ்க்குகளை வைத்து அதுவே சரிசெய்துகொள்ள வேண்டுமே என்று மேலே இருந்த வரிகளைப் பார்த்தேன். ரெய்டு-இசட்1 என்ற வரிக்குக் கீழே மூன்று டிஸ்க்குகள் உள்ளே தள்ளி வரிசையாக இருந்தன. நாலாவது தள்ளாமல், அந்த வரிக்குச் சமமாக, தனியே இருந்தது. அதில் கெட்டதைச் சரிசெய்ய மற்ற டிஸ்க்குகள் உதவாது.

கொடுத்த கட்டளைகளைப் பதிந்து வைக்கும் இசட்பூல் ஹிஸ்டரி எதையும் மறப்பதில்லை, கண்ணு. நீ விமானம் ஏறுவதற்கு முந்தின ராத்திரி, பதினொன்றே முக்காலுக்கு, ‘இசட்பூல் ஆட் மைனஸ் எஃப்’ என்று, எச்சரிக்கையை மீறி டிஸ்க்கைச் சேர்க்கும் கட்டளை கொடுத்திருக்கிறாய். எஃப் போடாமல் கொடுத்திருந்தால், பூல் ரெய்டு-இசட், இது வெறும் டிஸ்க், இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றிருக்கும். பெட்டி கட்டும் அவசரம் உனக்கு. மூன்று டிஸ்க் ரெய்டு-இசட்டை நாலாக்கத்தான் பார்த்தாய் என்று புரிகிறது. அது 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் முடிந்தது, அதுவும் ‘ஆட்’ இல்லை, ‘அட்டாச்’.

பூலில் உள்ள தொகுதிகளில் (மூன்று டிஸ்க் ரெய்டு-இசட் ஒன்று, அந்த ஒற்றை டிஸ்க் இன்னொன்று) எது போனாலும் பூல் முழுக்கப் போய்விடும். அந்த ஒற்றை டிஸ்க் படுத்திருந்தால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இன்னொரு வயிற்றெரிச்சல்: இசட்எஃப்எஸ் புது டேட்டாவைக் காலியிடம் அதிகம் உள்ள பக்கம்தான் அதிகமாக எழுதும். அதனால் நீ போன பிறகு ஏற்றிய படங்களில் பெரும்பங்கு அந்த டிஸ்க்கில்தான் விழுந்திருக்கும்.

அதைக் கழற்றவும் முடியாது, பூலில் ரெய்டு-இசட் ஒன்று இருந்தால் ‘ரிமூவ்’ மறுத்துவிடும். அதற்குத் துணையாக இன்னொரு டிஸ்க் வாங்கி மிர்ரராக்கி (ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும் ஜோடி) ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் ஆஷிஃப்ட் (எத்தனை பைட் துண்டாக எழுதுவது என்ற அமைப்பு) 9 என்று, அதாவது 512 பைட்டாக, இருந்தது. 4096 பைட் செக்டர் உள்ள டிஸ்க்குகளுக்கு 12 வேண்டும், கட்டிய பிறகு மாற்ற வழியில்லை. சரி, கலைத்தே விடுவோம் என்று இறங்கினேன்.

8 டிபி வெளி டிஸ்க் ஒன்றைக் கடன் வாங்கி, அதில் தனியாக ஒரு பூல் போட்டு, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, அதை அங்கே காப்பி செய்யும் சென்ட்-ரிசீவ் விட்டேன். ராத்திரி முழுக்க ஓடியது. கரண்ட் போய்விடுமோ என்று அப்பா யூ.பி.எஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறதோ! காப்பி முடிந்ததும் அந்த டிஸ்க்கிலும் ஒரு ஸ்க்ரப் ஓட்டி, பிழை இல்லை என்று வந்த பிறகுதான் பழையதை அழித்தேன்.

தடுமாறிய அந்த ஒற்றை டிஸ்க்கைத் தூக்கிவிட்டுப் புதிது ஒன்று போட்டேன். இப்போது 4 டிபி டிஸ்க் நாலு, இரண்டு மிர்ரர் ஜோடி. இடம் 8 டிபிதான், முன்பு 12 இருந்தது. ரெய்டு-இசட்2 போட்டிருந்தால் எந்த இரண்டு போனாலும் தாங்கும் என்று நீ வாதாடுவாய். உண்மைதான். இதில் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் போச்சு. ஆனால் மிர்ரரில் ஒன்று போனால் அதன் ஜோடியிலிருந்து நேராக எடுத்து நிரப்பிவிடும், இடம் போதாவிட்டால் இரண்டு டிஸ்க் சேர்த்தால் போதும். நான் ஊரில் இல்லாதபோது அப்பா தனியாக மாற்றும்படியும் இருக்க வேண்டும். டிஸ்க்குகளுக்கு, மாறக்கூடிய எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை விட்டுவிட்டு, சீரியல் நம்பரோடு வரும் பை-ஐடி பெயர் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தை வெள்ளைத் தாளில் எழுதி முன்பக்கம் ஒட்டியாயிற்று.

இனி அங்கிருந்து நீ எதைச் சேர்த்தாலும் முதலில் ‘ஆட்’ கட்டளையோடு ‘மைனஸ் என்’ போட்டு, எதையும் மாற்றாமல், அமைப்பு எப்படி வரும் என்று பார். செக்பாயிண்ட் ஒன்றும் எடுத்துக்கொள், தப்பானாலும் எல்லாவற்றையும் அந்த நிலைக்கே திருப்பலாம்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது 8 டிபி டிஸ்க் ஒன்று கொண்டு வா. முதல் காப்பியை இங்கேயே எடுத்துக்கொண்டு போனால், பிறகு தினமும் மாறினதை மட்டும் நெட்டில் உனக்கு அனுப்புகிறேன். வாங்கும் முன் மாடல் நம்பரை அனுப்பு, எஸ்.எம்.ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுவதால் மெதுவாகும்) ரகமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா