வளையத்துக்கு 48 கன மீட்டர்

செங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

சென்னை மெட்ரோவில் சுரங்கம் குடைகிற வேலையில் உன்னை ராத்திரி ஷிப்ட்டில் போட்டிருப்பதாக அப்பா சொன்னார். எந்த ஊர் மெட்ரோவைப் பார்த்துப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஸ்டேஷன் அழகுக்கு மாஸ்கோ. உன் வேலைக்கு லண்டன், பீட்டர்ஸ்பர்க், கொல்கத்தா.

லண்டனில் 1863-ல் ஓடிய முதல் ரயிலுக்குத் தெருவை வெட்டி, பக்கச் சுவர் எழுப்பி, மேலே மூடினார்கள், அவ்வளவுதான். ஆழத்தில் மின்சார ரயில் போனது 1890-ல். கிரேட்ஹெட் என்ற இன்ஜினியரின் இரும்புக் கவசத்துக்குள் நின்று ஆட்கள் களிமண்ணை வெட்டினார்கள். அந்தக் களி சவுக்காரக் கட்டி மாதிரி, வெட்டின இடத்தில் அப்படியே நிற்கும். தேம்ஸுக்குத் தெற்கே மணலும் சரளையும் தண்ணீருமாகக் கிடந்ததும் அங்கே சுரங்கப் பாதை குறைந்ததற்கு ஒரு காரணம். நல்ல களிக்கும் ஒரு குணக்கேடு உண்டு. ரயில் பிரேக் போடும் சூட்டை நூறு வருஷத்துக்கு மேலாகக் குடித்துக் குடித்து, 14 டிகிரி வாக்கில் இருந்த மண் இன்று இருபதைத் தாண்டிவிட்டது. சுரங்கத்தின் உள் விட்டமோ மூன்றரை மீட்டர்தான். அந்த ரயிலில் ஏசி போட்டால் அது கக்கும் சூடு எங்கே போகும்?

பீட்டர்ஸ்பர்க்கில் மேல்மண் சேறு. அதனால் கீழே, கெட்டிக் களிக்கு இறங்கினார்கள். அட்மிரல்டெய்ஸ்காயா ஸ்டேஷன் 86 மீட்டர் ஆழம். அப்படியும் 1974-ல் ஓரிடத்தில், புதைந்துபோன பழைய ஆற்றின் ஈர மணலில் போய் முட்டினார்கள். மண்ணை உறைய வைத்துத்தான் கடந்தார்கள். பிறகு சுரங்கம் அமிழ்ந்தது, கசிந்தது. 1995-ல் அந்தத் துண்டை மூடி, வேறு தடத்தில் குடைந்து 2004-ல்தான் திறந்தார்கள்.

கொல்கத்தா கதை உனக்கு இன்னும் கிட்டத்தில். ஹூக்ளிக்குக் கீழே 2017-ல் பத்திரமாகக் குடைந்தாயிற்று. ஆறு ஒன்றும் செய்யவில்லை. 2019-ல் பௌபஜாரில், வீடுகளுக்கு அடியில், குடையும் மிஷின் நீர்த்தாங்கி மணலை, அதாவது நிலத்தடி நீர் நிறைந்த மணலைத் தொட்டது. தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு உள்ளே வர, மேலே வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்தே விழுந்தன.

நம்ம ஆரியங்காவு குகையை வைத்து எதையும் எடைபோடாதே. 1904-ல் திறந்த கொல்லம் பாதைக்குக் குடைந்தது மலைப் பாறை, தன்னைத் தானே தாங்கும். சென்னையில் மணல், களி, பாறை எல்லாம் கலந்து வரும். முகப்பின், அதாவது மிஷினுக்கு எதிரே நிற்கும் மண் சுவரின், கீழ்ப்பாதி பாறையாகவும் மேல்பாதி மணலாகவும் இருக்கிற நாள்தான் மோசமானது. பாறை மெதுவாகத்தான் அறுபடும். அதற்குள் மேலே மணல் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். மிஷின் அங்குலம் நகராமல் மண் மட்டும் வெளியே வந்தால் அது மேலே பொந்து விழுகிற அடையாளம்.

ஆகவே மிஷினுக்குப் பின்னால் சுரங்கச் சுவராக மாட்டும் ஒவ்வொரு வளையத்துக்கும் கணக்குப் போடு. குடையும் விட்டம் 6.6 மீட்டர், வளைய அகலம் 1.4 என்றால் 48 கன மீட்டர் மண் வரணும். உதிர்ந்த மண் ஊதும், மண்ணை இளக்க விடும் நுரையும் சேரும், அதனால் கன அளவை மட்டும் நம்பாமல் எடையையும் பார். வளையத்தின் வெளி விட்டம் 6.35 என்றால் சுற்றிலும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. அதை நிரப்ப மூன்றரை கன மீட்டர் கிரவுட்டாவது, அந்த நிரப்புக் குழம்பாவது, வேணும். இரண்டோடு நின்றால் குழாய் அடைத்திருக்கும். ஆறு கன மீட்டர் குடித்தும் அழுத்தம் ஏறாவிட்டால் வெளியே ஏற்கனவே பள்ளம் விழுந்திருக்கு. மேலே தெருவுக்கு உடனே ஆள் அனுப்பு. ரோடு அன்றைக்கே இறங்கணும் என்றில்லை, சில நாள் கழித்தும் இறங்கும்.

வரைபடத்தில் இல்லாத பழைய கிணறும் மூடின போர்வெல்லும் வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். மிஷின் போகிற தடத்தில் வீடு வீடாகக் கேட்டு வாங்கு. மிஷினின் தேய்ந்த வெட்டுப்பல்லை மாற்ற ஆள் உள்ளே போவதற்காக, மண் சரியாமல் தாங்க முகப்பில் அழுத்தக் காற்று ஏற்றும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு போனால் முகப்பு சரியும்.

அந்த அழுத்த அறைக்குள் போகச் சொன்னால் சளி இருக்கும்போது போகாதே, காது கிழியும். வெளியே வரும்போது, பசித்தாலும் சரி, அழுத்தத்தை மெல்ல இறக்க அட்டவணையில் போட்ட நிமிஷம் முழுக்க உட்கார்ந்திருந்துதான் வரணும்.

அம்மா